விசை இருக்கிறது, சொல்வார் இல்லை

எண்பதுகளின் நடுவில் வாணியம்பாடியில் நான் தட்டச்சு படித்த பயிலகத்தில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அடியும் முன்பக்கமும் இல்லாத பெட்டி. ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே எச் ஜே’ என்று இரண்டு வாரம் அடித்துப் பழகியதும் மாஸ்டர் அதைத் தூக்கிவந்து எங்கள் கைகளுக்கு மேல் கவிழ்த்துவிடுவார். எழுத்துகள் மறைந்துவிடும். விரல்கள் மட்டும் உள்ளே. “கண்ணு தாள்ல இருக்கட்டும், கைக்கு வழி தெரியும்” என்பார். லோயர், ஹையர் தேர்வுகள் எழுதித் தேறிய தமிழ்நாட்டுத் தலைமுறை முழுவதும் இப்படிப் பார்க்காமல் தட்டப் பழகியதுதான். பிறகு மவுஸ் வந்தது. விரல் செய்த வேலையில் பாதியைக் கண் எடுத்துக்கொண்டது.

அந்த மரப்பெட்டியின் மிச்சம் ஒன்று இன்றும் எல்லோர் மேசையிலும் இருக்கிறது. கணினி விசைப்பலகையில் எஃப் விசையையும் ஜே விசையையும் தடவிப் பாருங்கள். சிறு மேடு தட்டுப்படும். எண் பகுதியில் 5-இன் மேல் இன்னொன்று இருக்கும். பார்க்காமல் தட்டுகிறவருக்கு இந்த மூன்று மேடுகள் போதும். மற்ற விசைகளின் முகவரியை இவற்றிலிருந்தே விரல் கணக்கிட்டுவிடும். விசைப்பலகையைச் செய்தவர்கள் கடமையைச் செய்துவிட்டார்கள். அந்தப் பலகை கொண்டுபோய் விடும் இணையதளங்கள் செய்யவில்லை என்பதுதான் என் புகார்.

ஆம்பூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் பிறவியிலேயே பார்வை இல்லாதவள். அம்மா ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் பிரிவில் இருக்கிறார். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டும்போதுதான் இறங்குவார். பெண் வேலூரில் பட்டம் முடித்து, வெளியூர் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். வாடிக்கையாளர்களின் புகாரைப் படித்து, வகை பிரித்து, பதில் எழுதிச் சேமிக்க வேண்டும். எல்லாமே ஒரு இணையதளத்துக்குள் நடக்கிற வேலை. மடிக்கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் அவளுக்குத் திரையைப் படித்துச் சொல்லும். அவள் வைத்திருக்கும் வேகத்தில் எனக்கு அது வண்டுச் சத்தம்; அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவு.

ஒரு மாலை அவள் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பதிலை எழுதி முடித்தாள். பிறகு டேப் விசையைத் தட்ட ஆரம்பித்தாள். தட்டினாள், தட்டினாள், தட்டிக்கொண்டே இருந்தாள். “பட்டன்… பட்டன்… லிங்க்… பட்டன்…” என்றது குரல். எந்த பட்டன் என்று சொல்லவில்லை. ‘சேமி’ வர நாற்பத்து மூன்று தட்டு. நான் எண்ணவில்லை, அவளுக்கே எண்ணிக்கை மனப்பாடம். ஒரு நாளைக்கு நூறு புகார் என்றால் சேமிப்பதற்கு மட்டும் நாலாயிரத்துச் சொச்சம் தட்டு. விரலுக்கு அது நடைப்பயணம்.

ஐந்து மாதம் இப்படி ஓடியபின் ஒரு நாள், உடன் வேலை செய்கிற பெண் தொலைபேசியில் பேசும்போது போகிறபோக்கில் சொன்னாளாம், எஸ் அடித்தாலே சேமித்துவிடுமே என்று. அந்தத் தளத்தை எழுதியவர்கள் ஏழெட்டு வேலைகளுக்கு ஒற்றை எழுத்து விசை வைத்திருக்கிறார்கள். கூட வேலை செய்கிறவளுக்கு அது எப்படித் தெரிந்தது? மவுஸ் முனையை பட்டன் மேல் கொஞ்ச நேரம் நிறுத்தினால் மஞ்சள் துண்டாக ஒரு குறிப்பு எட்டிப் பார்க்குமாம், அடைப்புக்குள் எஸ் என்று. முழுப் பட்டியல் பக்கத்தின் கீழ்மூலையில் ஒரு கேள்விக்குறிப் படத்துக்குள் இருக்கிறது. அந்தப் படத்துக்குப் பெயர் இல்லை. டேப் அங்கே போகாது. மவுஸால் சொடுக்கினால்தான் திறக்கும்.

“மாமா, மவுஸ் இல்லாதவங்களுக்குன்னு வெச்ச விசை. அதைத் தெரிஞ்சிக்க மவுஸ் வேணுமாம். அஞ்சு மாசமா நான் தட்டிக்கினு இருந்தேன்” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

சரி, இப்போது தெரிந்துவிட்டதே, எஸ் அடிக்க வேண்டியதுதானே என்று கேட்டேன். அடித்துக் காட்டினாள். சேமிக்கவில்லை. “அடுத்து பிரிப்புக்கோடு எதுவும் இல்லை” என்ற பொருளில் குரல் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது. சிக்கலின் உள்முடிச்சு இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாக அவிழ்க்க வேண்டும்.

இணையப் பக்கத்தைப் பார்வையுள்ளவர் ஒரே பார்வையில் மேய்ந்துவிடுகிறார். திரைவாசிப்பான்காரருக்குப் பக்கம் நீளமான ஒற்றை வரி. அதில் தாவுவதற்காக என்விடிஏ தனக்கென்று எழுத்துகளை ஒதுக்கி வைத்திருக்கிறது. எச் அடித்தால் அடுத்த தலைப்பு, கே அடித்தால் அடுத்த இணைப்பு, பி என்றால் பட்டன், ஈ என்றால் எழுதும் பெட்டி, டி என்றால் அட்டவணை, எஸ் என்றால் பிரிப்புக்கோடு. ஆங்கில நெடுங்கணக்கில் இரண்டு மூன்று எழுத்துகள் தவிர எல்லாவற்றுக்கும் இப்படி வேலை இருக்கிறது. நீங்கள் தட்டும் விசை முதலில் திரைவாசிப்பானிடம்தான் போகும். அது தன் வேலை என்று கண்டால் எடுத்துக்கொள்ளும். தளத்துக்கு விசை வந்ததே தெரியாது. ஜிமெயிலில் ஜே, கே என்று அடித்து மடலுக்கு மடல் தாவுகிறவர்களும், யூடியூபில் கே அடித்துக் காட்சியை நிறுத்துகிறவர்களும் இதை யோசித்திருக்க மாட்டார்கள். அதே கே இன்னொருவருக்கு வேறு எங்கேயோ கொண்டுபோய் விடுகிற விசை.

இதற்கு மாற்று உண்டு. இன்சர்ட்டையும் எஃப்2-வையும் சேர்த்து அடித்தால், “அடுத்த விசையை நான் தொடமாட்டேன்” என்று என்விடிஏ ஒதுங்கிக்கொள்ளும். அதற்கடுத்து எஸ் அடித்தால் அது நேராகத் தளத்துக்குப் போய்ச் சேமிக்கும். இன்சர்ட்டும் இடைவெளியும் அடித்து, திரும்ப அழைக்கும் வரை விலகியிருக்கச் சொல்லவும் முடியும். ஆக, நாற்பத்து மூன்று தட்டு மூன்று தட்டாகிவிட்டது. அவளிடம் கருவி இருந்தது, தளத்திடமும் விசை இருந்தது. விசை இருக்கிறது என்ற தகவல் ஒன்றுதான் நடுவில் விழுந்து காணாமல் போயிருந்தது.

தகவல் எப்போதும் இப்படி ஒளிந்திருக்கவில்லை. பழைய விண்டோஸில் ‘ஃபைல்’ என்ற சொல்லில் எஃப் எழுத்துக்கு அடியில் கோடு இருக்கும். ஆல்ட்டோடு எஃப் அடி என்று அதற்கு அர்த்தம். ‘சேவ்’ என்ற சொல்லுக்கு எதிரே ‘கன்ட்ரோல் எஸ்’ என்று அச்சிட்டிருக்கும். கண்ணுள்ளவர் பார்த்துக் கற்றுக்கொள்வார், திரைவாசிப்பான் இரண்டையும் சேர்த்துப் படிக்கும். விண்டோஸ் 2000 வந்தபோது அந்த அடிக்கோட்டை, ஆல்ட் அடிக்கும் வரை காட்ட வேண்டாம் என்று மறைத்தார்கள். அழகு கருதியாம். மறைப்பது அங்கே தொடங்கியது என்று நினைக்கிறேன்.

இணையத்தில் கதை இன்னும் மோசம். 1997 டிசம்பரில் வந்த எச்டிஎம்எல் 4.0-லேயே ஒரு பட்டனுக்கு விசை ஒதுக்க ‘ஆக்ஸஸ்கீ’ என்ற வசதி உண்டு. நல்ல எண்ணத்தில் கொடுத்ததுதான். ஆனால் ஒரு உலாவியில் அதை ஆல்ட்டோடு அடிக்க வேண்டும், இன்னொன்றில் ஆல்ட்டும் ஷிஃப்ட்டும், மேக் கணினியில் கன்ட்ரோலும் ஆப்ஷனும். தளம் டி என்று வைத்தால் உலாவியின் முகவரிப் பட்டைக்குப் போகிற ஆல்ட்-டியோடு மோதும். எல்லாவற்றையும்விட, எந்த எழுத்து என்பதை உலாவி திரையில் காட்டாது. தளம் எழுதியவர் தானாக முன்வந்து சொன்னால்தான் உண்டு. அவர் சொல்லவில்லை. கால் நூற்றாண்டாக ஆக்ஸஸ்கீ இருக்கிறது. உங்கள் தெருவில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

2017 டிசம்பரில் உலக வலைக் கூட்டமைப்பு ‘ஏரியா 1.1’ வரையறையை வெளியிட்டபோது இதற்கென்றே ஒரு பண்பு சேர்ந்தது: ‘ஏரியா-கீஷார்ட்கட்ஸ்’. பட்டனுக்குள் அந்த ஒரு வரியை எழுதிவைத்தால், அதைப் புரிந்துகொள்ளும் திரைவாசிப்பான் அங்கே வந்ததும் “சேமி, பட்டன், கன்ட்ரோல் எஸ்” என்று சேர்த்துச் சொல்லும். ஒரு வரிதான். ஆனால் அதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஆம்பூரிலிருந்து வேலூர் போகிற பஸ்ஸில் “மாதனூர்… பள்ளிகொண்டா…” என்று கண்டக்டர் குரல் கொடுப்பாரே, இந்தப் பண்பு அவ்வளவுதான். நிறுத்த வேண்டியது டிரைவர். விசையை உண்மையில் வேலை செய்ய வைக்கும் நிரலைத் தனியாக எழுத வேண்டும். இன்னொன்று, இந்தக் குரல் திரைவாசிப்பான் இல்லாதவர் காதில் விழாது. மவுஸ் பிடிக்க முடியாத, ஆனால் கண் தெரிகிற ஒருவருக்கு எழுத்தில்தான் காட்ட வேண்டும். ஆகவே பட்டன் மேலேயே விசையை அச்சிடுவதும் அவசியம், குரலுக்குக் கொடுப்பதும் அவசியம். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விட்டால் பாதிப் பேர் வெளியே நிற்பார்கள்.

அச்சிட்டுக் காட்டுவதால் திரை அசிங்கமாகிவிடும் என்று வடிவமைப்பாளர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஆம்பூரில் எந்தக் கணக்குப்பிள்ளையின் அறைக்குள்ளாவது எட்டிப் பாருங்கள். டேலி ஓடிக்கொண்டிருக்கும். வலது ஓரத்தில் வரிசையாக எழுதியிருக்கும்: எஃப்5 பேமென்ட், எஃப்6 ரிசீப்ட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு மண்டியில் கணக்கெழுத வந்தவரும் ஆறே மாதத்தில் மவுஸைத் தள்ளிவைத்துவிட்டு எஃப்5, எஃப்8 என்று பறப்பார். யாரும் அவருக்கு வகுப்பு எடுக்கவில்லை. தினமும் கண்ணில் பட்டது, கையில் ஏறியது. பெங்களூரில் பிறந்த அந்த மென்பொருள் இந்தியாவின் கடைத்தெருக்களைப் பிடித்ததில் அந்த ஓரப்பட்டைக்கும் பங்கு உண்டு என்பேன்.

எல்லாத் தளத்துக்கும் விசை வேண்டும் என்று நான் வாதிடவில்லை. வருடத்துக்கு ஒருமுறை வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிற பக்கத்துக்குத் தனி விசை எதற்கு? தலைப்பைத் தலைப்பு என்றும் பட்டனைப் பெயரோடும் ஒழுங்காக எழுதியிருந்தால் திரைவாசிப்பானின் எச், ஈ, பி விசைகளே போதும். உண்மையில் பெரும்பாலான தளங்கள் அந்த முதல் படியிலேயே சறுக்குகின்றன. வெப்எய்ம் என்ற அமெரிக்க அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களை இயந்திரத்தால் சோதிக்கிறது; 2025-இல் 94.8 விழுக்காட்டுப் பக்கங்களில் கண்டறியத்தக்க குறை இருந்தது. வீட்டுக்குச் சுவரே எழும்பாதபோது சன்னலுக்குத் திரை பற்றிப் பேசக் கூடாது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாள் முழுதும் ஒரே தளத்துக்குள் வேலை பார்க்கிறவருக்கு விசை சன்னல் திரை இல்லை, வாசற்படி. அங்கே நாற்பத்து மூன்றுக்கும் மூன்றுக்கும் உள்ள தூரம்தான் வேலையில் நிலைப்பதற்கும் மூன்று மாதத்தில் வெளியே வருவதற்கும் உள்ள தூரம்.

தமிழில் ஒரு சங்கடம் இருக்கிறது, ‘குறுக்குவழி’ என்ற சொல். குறுக்குவழியில் சம்பாதித்தான் என்றால் நல்ல அர்த்தம் இல்லை. ஏதோ சலுகை கேட்பதுபோலத் தொனிக்கிறது. கண்ணுள்ளவருக்கு அது குறுக்குவழிதான், வேண்டுமானால் போகலாம். விசையை விட்டால் வேறு பாதை இல்லாதவருக்கு அதுவே பெருவழி. நான் இனி ‘விசை’ என்றே எழுதுகிறேன்.

ஒற்றை எழுத்து விசைக்கு வருகிறேன். இது பார்வையற்றவர்களின் சிக்கல் மட்டும் அல்ல. வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது, கரிகிரி தொழுநோய் மருத்துவமனை என்று சொன்னால் போதும். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை டாக்டர் பால் பிராண்ட் 1940களின் பிற்பகுதியில் வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் தொடங்கினார். உணர்ச்சியற்ற பாதங்களுக்காக நுண்துளை ரப்பரில் மெத்தென்ற செருப்பு செய்ததும் அவர் குழுதான். செருப்பு தைக்கிற இந்த வட்டாரத்தில் அந்தச் செருப்பின் வரலாறு அதிகம் பேசப்படாதது எனக்கு எப்போதும் ஒரு குறை. 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்தக் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவத்தையே இங்கே வளர்த்தார். எந்தக் கை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று உலகத்துக்குப் பாடம் சொன்ன ஊர் இது.

நடுங்கும் கையும் உணர்ச்சியில்லாத விரலும் பக்கத்து விசையில் படும். குரலால் கணினியை இயக்குகிறவர் பேசும் சொல்லைத் தளம் எழுத்தெழுத்தாகப் பிய்த்து எடுத்துக்கொண்டால், ஒரு வாக்கியத்துக்குள் ஐந்தாறு ஆணைகள் பறந்துவிடும். மடல் அழியும், பக்கம் மாறும், என்ன நடந்தது என்றே புரியாது. இதனால்தான் 2018 ஜூன் 5-இல் வெளியான வலை அணுகல் நெறிமுறை 2.1-இல், 2.1.4 என்ற விதி சேர்க்கப்பட்டது. ஒற்றை எழுத்து விசை வைத்தால் அதை நிறுத்திவைக்க வழி கொடு, அல்லது கன்ட்ரோல், ஆல்ட் சேர்த்து மாற்றிக்கொள்ள விடு, அல்லது அந்தக் கட்டத்துக்குள் இருக்கும்போது மட்டும் வேலை செய்யவை. மூன்றில் ஒன்றைச் செய்தால் போதும். இது முதல் படியான ‘ஏ’ நிலையிலேயே கட்டாயம்.

அந்த நெறிமுறையிலும் தமிழ்க்காரர்களின் ஒரு தொல்லைக்குத் தீர்வு இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் பதில்களைப் பாதி தமிழில் எழுதுகிறாள், தமிழ்99 விசைப்பலகையில். தமிழில் எழுதி முடித்த கையோடு எஸ் இருக்கும் இடத்தைத் தட்டினால் தளத்துக்குப் போவது ‘இ’. கே இருக்கும் இடத்தில் ‘ம’. எழுத்தைப் பார்த்து முடிவெடுக்கும் நிரலுக்கு ‘இ’ என்றால் என்னவென்றே தெரியாது, சும்மா இருந்துவிடும். விசை இருக்கும் இடத்தைப் பார்த்து முடிவெடுக்கும்படி எழுதினால் இந்தப் பிரச்சினை இல்லை. நிரலில் ஒரு சொல்லை மாற்றுகிற வேலை. ஆனால் அதை எழுதியவர் வாழ்க்கையில் ஆங்கிலத்தைத் தவிர வேறு எதிலும் தட்டியதில்லை. அவரும் நம் பிள்ளைதான், சென்னையிலோ வேலூரிலோ பொறியியல் படித்தவர்தான். தமிழும் உருதும் ஆங்கிலமும் ஒரே தெருவில் கலந்து பேசுகிற ஆம்பூரில், பக்கத்தின் மொழி எது என்று நிரலில் குறிக்காமல் விட்டால் ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்கத் திணறும். அது தனிக்கதை.

இங்கே தோல் வியாபாரம் பார்க்கிற நண்பரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கேட்டது, “கண்ணு தெரியாத ஆளு எத்தனை பேரு சார் அந்த சைட்டுக்கு வரப் போறாங்க?” கெட்ட மனிதர் இல்லை. எல்லோரும் கேட்கிற கேள்விதான். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சம் பேர் என்று பதில் சொல்லலாம். நான் அவருடைய தொழிலிலிருந்தே திருப்பிக் கேட்டேன்.

1989-90இல் ஜெர்மனி பிசிபி என்ற பூஞ்சைக்கொல்லி பட்ட தோலைத் தடைசெய்தபோது வாணியம்பாடியும் ஆம்பூரும் ஆடிப்போயின. அடுத்து சில அசோ சாயங்களுக்குத் தடை வந்தது. 2015 மே முதல், உடம்பில் படும் தோல்பொருளில் ஒரு கிலோவுக்கு ஆறிணைதிறன் குரோமியம் 3 மில்லிகிராமை எட்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் சொன்னது. ஒவ்வொரு முறையும் முதலில் புலம்பல், பிறகு சோதனைக்கூடம், பிறகு அதுவே வழக்கம். இன்று ஆய்வறிக்கை இல்லாமல் சரக்கு கிளம்பாது. வாங்குகிறவர்களில் குரோமியம் ஒவ்வாமை எத்தனை பேருக்கு இருக்கிறது என்று இந்த வட்டாரத்தில் யாரும் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதில்லை. லட்சத்தில் ஒரு கால் புண்ணாகக் கூடாது என்று மொத்தச் சரக்கையும் சோதிக்கிறோம். இணையப் பக்கத்தைச் சோதிக்க மட்டும் தலை எண்ணுகிறோம்.

நண்பர் சிரித்தார். நான் சொன்ன அடுத்த செய்தியில் அந்தச் சிரிப்பு நின்றது. ஐரோப்பிய அணுகல் சட்டம், 2019/882 எண்ணுள்ள அந்த ஆணை, 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஐரோப்பாவில் நுகர்வோருக்கு இணையத்தில் பொருள் விற்கும் கடைகளுக்கு அது பொருந்தும், மிகச் சிறிய நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு. அதற்கான தொழில்நுட்ப அளவுகோல் ஈஎன் 301 549. அதற்குள் வலை அணுகல் நெறிமுறை 2.1 அப்படியே இருக்கிறது, 2.1.4-உம் இருக்கிறது. ஆம்பூரில் தைத்த ஷூவை ஹாம்பர்கில் விற்கிற இணையக் கடையின் விசை ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். நாளைக்கு இங்கிருந்தே சொந்தப் பெயரில் நேரடியாக அங்கே விற்க நினைக்கிறவருக்கும் அதே சட்டம்தான்.

நம்மிடமும் இல்லாமல் இல்லை. ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தரநிலை அதே ஐரோப்பிய அளவுகோலை ஒட்டி எழுதப்பட்டது. 2023-இல் வந்த அரசு இணையதள வழிகாட்டி மூன்றாம் பதிப்பும் நெறிமுறை 2.1-ஐத்தான் கேட்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 தனியார் சேவைகளையும் சேர்த்தே பேசுகிறது. 2024 நவம்பர் 8-இல் ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

அடுத்து நடந்ததில் இந்த மண்ணுக்கு ஒரு தொடர்பு உண்டு. 2025 ஜனவரி 30-இல், வேலூர் வட்டாரத் தோல் ஆலைகளின் கழிவால் கெட்டுப்போன பாலாற்று நிலங்கள் பற்றிய நெடுங்கால வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. அமர்வில் இருந்தவர்கள் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன். சரியாக மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 30-இல், அதே இருவரும் இன்னொரு தீர்ப்பு சொன்னார்கள். அமிலவீச்சில் கண் கருகிய பிரக்யா பிரசூன் போன்றவர்கள் வங்கியின் இணைய வழி அடையாளச் சரிபார்ப்பில் கண் சிமிட்ட முடியாமல் நின்றார்கள். பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினும் தனியே வழக்குத் தொடுத்திருந்தார். மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை, அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் உள்ளடக்கம் என்றது நீதிமன்றம். இருபது ஆணைகளும் பிறப்பித்தது. பாலாற்றில் கழிவை விடுகிறவர், அக்கரையில் கிணறு வைத்திருக்கிறவரை நேரில் பார்ப்பதில்லை. பெயரில்லாத பட்டனை வைக்கிறவரும் அப்படித்தான், யாருக்கும் தீங்கு நினைத்துச் செய்யவில்லை.

இப்போது எழுதுகிறவர்களுக்கு. விசைப் பட்டியலுக்கான இணைப்பைப் பக்கத்தின் உச்சியில், சொல்லாக எழுதுங்கள், டேப்புக்கு எட்டும்படி வையுங்கள். உங்கள் விசை வேலை செய்ய வேண்டும் என்பதற்காகப் பக்கம் முழுவதையும் ‘அப்ளிகேஷன்’ என்று அறிவித்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் திரைவாசிப்பானின் எச், கே எல்லாம் ஊமையாகிவிடும். ஒவ்வொரு பட்டனிலும் விசையைச் சொன்னால் காது சலிக்காதா என்ற கேள்வி நியாயமானது. என்விடிஏயில் விசைகளைச் சொல்வதை நிறுத்தும் அமைப்பு இருக்கிறது, பழகியவர் நிறுத்திக்கொள்வார். எதைக் கேட்க வேண்டாம் என்று அவர் முடிவு செய்யட்டும்.

திரைவாசிப்பானிடமே ஒரு நல்ல பழக்கம் கற்கலாம். பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கரன் 2006-இல் என்விடிஏயைத் தொடங்கினார். ஜாஸ் என்ற விலை உயர்ந்த திரைவாசிப்பானை வாங்க முடியாதவர்களுக்கு இலவசமாகத் தருவது நோக்கம். அதில் இன்சர்ட்டும் 1-ம் அடித்தால் ‘உள்ளீட்டு உதவி’ தொடங்கும். அதன்பின் எந்த விசையைத் தட்டினாலும், அது என்ன செய்யும் என்று குரல் சொல்லும், ஆனால் செய்யாது. பயமில்லாமல் பலகை முழுவதையும் தடவிக் கற்றுக்கொள்ளலாம். விசை வைத்திருக்கும் ஒவ்வொரு வேலைத் தளத்திலும் இப்படி ஒரு ஒத்திகை நிலை ஏன் இருக்கக் கூடாது? பொறியியல் கல்லூரிகளில் வலைநிரல் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு இன்னும் எளிய யோசனை: ஒரு மணி நேரம் மவுஸ்களைச் சேகரித்து அலமாரியில் பூட்டிவிட்டு, அவர்கள் எழுதிய தளத்தில் அவர்களையே ஒரு படிவம் நிரப்பச் சொல்லுங்கள். எங்கள் மாஸ்டரின் மரப்பெட்டி அதைத்தான் செய்தது.

பக்கத்து வீட்டுப் பெண் அந்த நிறுவனத்துக்கு மடல் எழுதினாள். உரிய குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று மறுநாளே பதில் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. ஒத்திகை நிலை இல்லாததால் அவள் தானே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, இன்சர்ட்-எஃப்2 அடித்து, ஏ-யிலிருந்து இசட் வரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் பார்த்தாள். என்ன நடக்கிறது என்று கேட்டு, பிரெயில் பலகையில் தாளைச் செருகி, ஊசியால் குத்திக் குறித்துக்கொண்டாள். எட்டு எழுத்துக்கு வேலை இருந்தது. அதில் எக்ஸ், எழுதிவைத்திருந்த பதிலைக் கேட்காமலே அழித்துவிட்டது.

அந்தத் தாள் இப்போது அவள் மடிக்கணினிக்கு அடியில் இருக்கிறது. எடுத்துக் கையில் கொடுத்தாள். மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தேன், ஒன்றும் புரியவில்லை. ஓர் இடத்தில் மட்டும் தாள் கிழிகிற அளவுக்குப் புள்ளிகள் அழுத்தமாக இருந்தன.

“அதுதான் எக்ஸ், மாமா” என்றாள்.